மார்கழியில் பாஸ், சித்திரையில் ஃபெயில்: ஓவர்க்ளாக்கும் வண்டலூர் வெயிலும்

என் ரூம்மேட் மெக்கானிக்கல். போன மார்கழியில், செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகாமல் ரூமிலேயே உட்கார்ந்து தன் கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் பண்ணினான். ஏஎம்டி ரைசன் 5 5600, ஆறு கோர். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச பூஸ்ட் 4.4 ஜிகாஹெர்ட்ஸ். அவன் பயாஸுக்குள் போய் எல்லாக் கோரையும் 4.7-ல் நிறுத்தி, கோர் வோல்டேஜை 1.35 வோல்ட் என்று கையால் பூட்டினான். ராத்திரி ஒரு மணிக்கு சினிபெஞ்ச் பத்து நிமிஷம் ஓடியது. கிராஷ் இல்லை. வெப்பம் 82 டிகிரி. ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது, நாங்களும் நெருப்பு எமோஜி போட்டோம். அந்த எமோஜி எவ்வளவு பொருத்தம் என்பது சித்திரையில்தான் புரிந்தது.

ஃபைனல் இயர் புராஜெக்ட். ஒரு பிராக்கெட்டில் லோடு கொடுத்து ஸ்ட்ரெஸ் கணக்கிடும் சிமுலேஷன். ஏப்ரல் கடைசியில், மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டினால் ஒரு விடை. அதே மெஷ், அதே லோடு, மறுபடி ஓட்டினால் வேறு விடை. பேரலல் சால்வரில் கடைசி தசமத்தில் கொஞ்சம் ஆடுவது சகஜம்தான். இவனுக்கு இரண்டாவது இலக்கமே மாறியது. கைடு பார்த்துவிட்டு, "மாடல்லயே தப்பு இருக்கு, மெஷ்ஷை மாத்து"ன்னு சொல்லிட்டார். அவர் மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பத்து நாள் விதவிதமாக மெஷ் போட்டான். கம்ப்யூட்டர் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் அது ஒரு தடவைகூட நீல ஸ்கிரீன் காட்டவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பத்து நாளைப் பற்றியது. ஓவர்க்ளாக் பண்ணாதீங்க என்று சொல்ல வரவில்லை. நானும் பண்றேன். ஆனால் யூடியூபில் பார்க்கும் எண்கள் எல்லாம் 20, 22 டிகிரி ரூமில் எடுத்தவை. நம்ம ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ரூம். அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

வோல்டேஜுக்கு மட்டும் ஏன் ஸ்கொயர்?

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் படித்த ஃபார்முலாதான். சிப் எரிக்கும் டைனமிக் பவர் = கெப்பாசிட்டன்ஸ் × வோல்டேஜ்² × ஃப்ரீக்வென்சி. ஃப்ரீக்வென்சி ஒரு மடங்கு, வோல்டேஜ் ஸ்கொயர். எல்லாரும் படித்ததுதான், எக்ஸாமில் எழுதியதுதான், ஆனால் பயாஸ் முன்னால் உட்காரும்போது மறந்துபோகிறது.

ரூம்மேட்டின் எண்களையே எடுத்துக்கலாம். ஸ்டாக்கில் அந்தச் சிப் எல்லாக் கோரும் ஓடும்போது சுமார் 1.20 வோல்ட், 4.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று வைப்போம். ஏஎம்டி அதற்குக் கொடுத்திருக்கும் பவர் வரம்பு, அதாவது பிபிடி, 76 வாட். இப்போது 4.7-க்கு ஏற்றினால் ஃப்ரீக்வென்சி 1.068 மடங்கு. 1.20-லிருந்து 1.35-க்கு ஏற்றினால் வோல்டேஜ் 1.125 மடங்கு, ஸ்கொயர் பண்ணினால் 1.266. இரண்டையும் பெருக்கினால் 1.35. ஏழு சதவீத வேகத்துக்கு முப்பத்தைந்து சதவீத சூடு! 76 வாட் இப்போது 103 வாட். இதுவும் குறைத்துச் சொன்னதுதான். சிப் சூடாகச் சூடாக லீக்கேஜ் கரண்ட் வேறு கூடும், அது இந்தக் கணக்கில் இல்லை.

76 வாட் என்பது நம்ம தலைக்கு மேல் சுற்றுகிற பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுதான். அதைக் கேட்டால் பெரிசாகத் தெரியாது. ஆனால் அதில் பெரும்பகுதி, 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் துண்டிலிருந்து வெளியே வரவேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட் கணக்கு. துணி தேய்க்கும் 1000 வாட் அயர்ன் பாக்ஸின் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். அயர்ன் பாக்ஸைப் போலப் பதினைந்து மடங்கு அடர்த்தியான சூட்டை, ஒரு டவர் கூலரும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டு இருக்கின்றன. ஸ்டாக்கிலேயே அது பெரிய வேலை.

டிகிரியைப் பார்க்காதீங்க, வித்தியாசத்தைப் பாருங்க

ஹீட்சிங்க் எதுவானாலும் ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று ஒரு எண் உண்டு. தெர்மல் ரெசிஸ்டன்ஸ். ஓம் விதி மாதிரியே நினைத்துக்கொள்ளலாம்: வாட் என்பது கரண்ட், டிகிரி வித்தியாசம் என்பது வோல்டேஜ். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ரூம்மேட்டின் மெஷினை ஸ்டாக்குக்குக் கொண்டுவந்து ஓட்டியபோது ரூம் 30 டிகிரி, சிப் 72 டிகிரி, பவர் 76 வாட். வித்தியாசம் 42. 76-ஆல் வகுத்தால் வாட்டுக்கு சுமார் 0.55 டிகிரி.

இனி எல்லாக் கணக்கும் அந்த ஒரு எண்ணிலிருந்து வரும். 103 வாட் என்றால் வித்தியாசம் 57 டிகிரி. மார்கழி ராத்திரி ரூம் 25. கூட்டினால் 82. அவன் பார்த்ததும் அதே 82தான். சித்திரை மத்தியானம் எங்கள் ரூம் 38. கூட்டினால் 95. அந்தச் சிப்புக்கு ஏஎம்டி குறித்திருக்கும் உச்ச வரம்பு 90.

கூலர் மாறவில்லை, செட்டிங் மாறவில்லை. ரூம் மட்டும்தான் மாறியது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளை விடுங்கள், சாதாரணக் கத்திரியிலேயே தாம்பரம் பக்கம் 40-ஐ ஒட்டி நிற்கும். ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் "என் சிபியு 82-தான் வருது மச்சி" என்று யாராவது சொன்னால் என் முதல் கேள்வி, "ரூம் எவ்வளவு?" என்பதுதான். தெர்மாமீட்டர் உள்ள சுவர்க் கடிகாரம் ஒன்று போதும். அதைக் கேபினெட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் வையுங்கள்.

இங்கே பலருக்கு வரும் சந்தேகம்: நல்ல லிக்விட் கூலர் வாங்கினால் ரூமைவிடக் குளிராக வைக்கலாமே? முடியாது. ஏர் கூலரோ, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரோ, இரண்டும் சூட்டை ரூம் காற்றுக்குத்தான் கொடுக்கின்றன. வாட்டுக்கு இத்தனை டிகிரி என்ற எண் குறையும், அவ்வளவுதான். ரூம் 38 என்றால் அதற்குக் கீழே போகாது. எதிரே நம்ம உயிரியல் பூங்காவில் கோடை வந்தால் விலங்குகளுக்கு ஷவர் வைக்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். யானைக்கு அது வேலை செய்யும், ஏனென்றால் தோலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஹீட்சிங்க்குக்கு வியர்க்கத் தெரியாது.

சரி, ஐஸ் வாட்டர் விடலாமா, பெல்டியர் போடலாமா என்று கேட்கும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் ஒரு நிமிஷத்தில் எப்படி நனைகிறது, பார்த்திருப்பீர்கள். சென்னைக் கோடையில் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி நிற்கும். அதற்குக் கீழே குளிர்கிற எந்தப் பரப்பிலும் தண்ணீர் கட்டும். மதர்போர்டு மேல் அது கட்டினால் அப்புறம் பேச ஒன்றுமில்லை. 2024-ல் இன்டெல் கோர் ஐ9 14900கேஎஸ் சிப்பை 9.1 ஜிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோய் உலக சாதனை படைத்தார்கள். அது திரவ ஹீலியம் ஊற்றி, போர்டையே தண்ணீர் புகாதபடி மூடி, சில நொடிகளுக்குச் செய்யும் வேலை. அதில் யாரும் ஃபைனல் இயர் புராஜெக்ட் ஓட்டுவதில்லை.

சூடு ஏறினால் விடை ஏன் மாறுகிறது?

விஎல்எஸ்ஐ எடுத்தவர்களுக்கு செட்அப் டைம் தெரியும். ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பிலிருந்து கிளம்பிய சிக்னல், நடுவில் இருக்கும் லாஜிக்கைக் கடந்து, அடுத்த கிளாக் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுத்த ஃப்ளிப்-ஃப்ளாப்பில் வந்து நிற்கவேண்டும். ஓவர்க்ளாக் என்றால் கிளாக்கைச் சீக்கிரம் அடிக்கிறோம். சிக்னல் ஓட நேரம் குறைகிறது. வோல்டேஜ் ஏற்றினால் ட்ரான்ஸிஸ்டர் வேகமாகச் சுவிட்ச் ஆகும், சிக்னல் நேரத்துக்கு வந்துசேரும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து ஏற்றுகிறோம்.

மூன்றாவது ஆள் வெப்பம். இந்த வோல்டேஜ் அளவில் சிப் சூடானால் எலக்ட்ரான் நகர்வு மந்தமாகும், மெட்டல் கம்பிகளின் ரெசிஸ்டன்ஸ் கூடும். சிக்னல் தாமதமாகும். மார்கழியில் கடைசி நொடியில் ஓடிவந்து ரயிலைப் பிடித்த சிக்னல், சித்திரையில் பிளாட்ஃபாரத்துக்கு வருவதற்குள் ரயில் கிளம்பிவிடுகிறது. அந்த ஒரு பிட் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்றாக நிற்கும். அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அட்ரஸில் விழுந்தால் நீல ஸ்கிரீன். உங்கள் ஸ்டிஃப்னெஸ் மேட்ரிக்ஸின் ஒரு எண்ணில் விழுந்தால் ஒரு சத்தமும் வராது. தப்பான விடை, அழகான கலர் கிராஃபோடு வரும்.

கிராஷ் ஆகும் ஓவர்க்ளாக்கைவிடக் கிராஷ் ஆகாத ஓவர்க்ளாக்தான் எனக்குப் பயம்.

இதைப் பிடிக்க சினிபெஞ்ச் போதாது. படம் வரைந்து முடித்தால் பாஸ், அதற்குள் ஒரு பிக்சல் தப்பாக இருந்ததா என்று பார்க்க நமக்கு வழியில்லை. பிரைம்95 வேற ரகம். பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய புரோகிராம் அது. ஒரு பிட் தப்பினாலும் பல நாள் உழைப்பு வீண் என்பதால், கணக்குப் போடும்போதே தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொண்டு போகும். ஒருநாள் மத்தியானம், சந்தேகம் வந்த பிறகு, ரூம்மேட் மெஷினில் அதை ஓட்டினோம். நாலாவது நிமிஷம் ஒரு கோர் நின்றது. ரவுண்டிங் எரர்: 0.4-க்குக் கீழே இருக்கவேண்டியது 0.5. அவன் ஒரு நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். "அப்போ மெஷ்ஷு?" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை.

லினக்ஸில் ஸ்ட்ரெஸ்-என்ஜி இருக்கிறது, வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டுங்கள். விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஎச்இஏ என்று தேடுங்கள். கிராஷ் ஆகாமலேயே பிராசஸர் சரிசெய்துகொண்ட பிழைகள் அங்கே எழுதப்பட்டிருக்கும். அங்கே ஒரு வரி இருந்தாலும் அந்த செட்டிங் வேண்டாம்.

தொட்டித் தண்ணீரும் லோட்-லைனும்

வோல்டேஜ் பற்றி முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஏரியாவில் சாயங்காலம் லைட் மங்கினால் "லோ வோல்டேஜ்" என்கிறோமே, அதற்கும் கோர் வோல்டேஜுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. சுவரில் வரும் 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் ஆக்குகிறது. மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் விஆர்எம், அந்தப் பன்னிரண்டை 1.2 வோல்ட் ஆக்குகிறது. 76 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 60 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதே 76 வாட் சீலிங் ஃபேன் 230 வோல்ட்டில் மூன்றில் ஒரு ஆம்பியர்தான் இழுக்கும். விலை குறைந்த போர்டில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கூட இருக்காது. சிபியு குளிராக இருந்தும் வேகம் திடீரென்று இறங்கினால் விஆர்எம் வெந்துகொண்டிருக்கலாம். டவர் கூலர் போட்டால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்று படுவது குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

60 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே 60 மில்லிவோல்ட் இறங்கிவிடும். ஹாஸ்டலில் காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் முதல் மாடியில் தண்ணீர் நூலாக வருகிறதே, அதே கதை. பயாஸில் 1.35 என்று போட்டாலும் லோடு ஏறியதும் 1.29 ஆகும். இதற்குப் பெயர் வி-ட்ரூப். இதைக் குறையாகப் பார்க்காதீர்கள், வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது.

இந்த இறக்கத்தை ஈடுகட்ட போர்டில் லோட்-லைன் கேலிப்ரேஷன் என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். இறங்குவதை எதிர்பார்த்து விஆர்எம் கூடுதலாக அழுத்தும். நல்லதுதானே என்று அதை உச்சத்தில் வைத்துவிடுகிறோம். இப்போது எல்லாக் குழாயையும் ஒரே நொடியில் மூடினால் என்ன ஆகும்? பைப் "டங்"கென்று அடிக்கும். அதேதான் இங்கும். லோடு சட்டென்று விடும் அந்த மைக்ரோ செகண்டில் வோல்டேஜ் செட் பண்ணியதைத் தாண்டி மேலே எகிறும். எந்த சாஃப்ட்வேரும் அதைக் காட்டாது, ஆசிலாஸ்கோப் வைத்தால்தான் தெரியும். அதனால் நடு அளவிலேயே விடுங்கள். இன்னொரு விஷயம்: சில கம்பெனி போர்டில் 1 என்றால் மிகத் தளர்வு, வேறு சிலவற்றில் 1 என்றால் மிக இறுக்கம். மேனுவல் பார்க்காமல் கை வைக்காதீங்க.

வோல்டேஜை எங்கே படிப்பது? எச்டபிள்யூஇன்ஃபோவில் பத்து இடத்தில் கோர் வோல்டேஜ் என்று இருக்கும். இந்த ரைசன் தலைமுறையில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்று முடியும் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது அது 1.45 வரை துள்ளுவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அது ஒன்றிரண்டு கோர் நொடிநேரம் பூஸ்ட் ஆகும்போது, கரண்ட் மிகக் குறைவாக இருக்கும்போது வருவது. "ஸ்டாக்கிலேயே 1.45 வருதே, நான் 1.4-ல் பூட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. ஆறு கோரும் முழு லோடில், முழுக் கரண்டில், 90 டிகிரியில் இருக்கும்போது அந்த 1.4 வேறு பொருள்.

என்ன பொருள் என்றால் வயசு. மெட்டல் கம்பியில் ஓடும் எலக்ட்ரான்கள் அணுக்களையே மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். எலக்ட்ரோமைக்ரேஷன். கரண்ட் அடர்த்தியும் வெப்பமும் ஆயுளை எப்படிக் குறைக்கின்றன என்று ஜேம்ஸ் பிளாக் 1969-லேயே சமன்பாடு கொடுத்துவிட்டார். வெப்பம் அதில் எக்ஸ்பொனென்ஷியலுக்குள் இருக்கிறது. ட்ரான்ஸிஸ்டரின் கேட் ஆக்ஸைடும் கூடுதல் வோல்டேஜில் சீக்கிரம் தேயும். ஒருநாள் திடீரென்று புகை வராது. ஆறு மாசம் 4.7-ல் ஓடியது 4.6-க்கு இறங்கும், பிறகு 4.5. "முன்னாடி நல்லாத்தான் ஓடுச்சு" என்போம்.

இது நம்ம மாதிரி ஆட்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்காதீர்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் என்ன நடந்தது? ஓவர்க்ளாக்கே பண்ணாதவர்களுக்குக்கூட கேம் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று எரர் வந்தது. எல்லாரும் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் தப்பு பிராசஸரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும் மைக்ரோகோட், கூடவே சில போர்டுகளின் தாராளமான பவர் செட்டிங். கோருக்குள் இருக்கும் ஒரு கிளாக் சர்க்யூட், அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் வயசாகி, ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜே மேலே நகர்ந்துவிட்டது என்று இன்டெல் 2024-ல் விளக்கியது. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது, வாரன்டியும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டாலும் திருப்ப முடியாது. உங்களிடம் அந்தத் தலைமுறை சிப் இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் பயாஸை அப்டேட் பண்ணிட்டு வாங்க.

ஏஎம்டியும் தப்பவில்லை. 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோடு கருகின. அங்கே பிரச்சினை கோர் வோல்டேஜில் இல்லை, எஸ்ஓசி வோல்டேஜில். மெமரிக்காக எக்ஸ்போ ஆன் பண்ணினதும் சில போர்டுகள் அதைத் தாங்களாகவே ஏற்றின. பிறகு பயாஸ் அப்டேட்டில் 1.3 வோல்ட்டோடு கட்டிப்போட்டார்கள். ரேம் ஸ்பீடுக்காக ஒரு பட்டனை அழுத்துவதும் ஓவர்க்ளாக்தான். ஆட்டோ என்று விட்டால் போர்டு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஸ்டேபிளாக ஓடவேண்டும் என்பதுதான் போர்டின் கவலை, அதற்கு அது தாராளமாகவே வோல்டேஜ் ஊற்றும்.

நாங்க கடைசியில் என்ன பண்ணினோம்

முதலில் கேபினெட்டைத் திறந்தோம். ஜிஎஸ்டி ரோட்டுத் தூசி ஃபில்டரில் போர்வை மாதிரி படிந்திருந்தது. ப்ளோயர் அடித்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதுசு போட்டோம். ஸ்டாக் செட்டிங்கில் இது மட்டுமே ஐந்து டிகிரி கொடுத்தது. ரிச்சி ஸ்ட்ரீட் போய்க் கூலருக்குச் செலவழிக்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள். பேஸ்ட் வாங்கும்போது பேர் இல்லாத டப்பாவில் கொடுக்கும் வெள்ளைக் கிரீமைத் தவிர்த்துவிடுங்கள். காற்றுப் பாதையும் முக்கியம்: கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தால் அது தன் மூச்சையே திரும்ப இழுக்கும். (உள்ளே ஒரு பல்லி முட்டையும் இருந்தது. அது தனிக் கதை.)

பிறகு, ஃப்ரீக்வென்சியை ஏற்றுவதற்குப் பதிலாக வோல்டேஜை இறக்கினோம். ஃபார்முலாவில் ஸ்கொயர் நமக்கு எதிராக வேலை செய்தது மாதிரியே நமக்காகவும் வேலை செய்யும். கையால் பூட்டிய 1.35-ஐ எடுத்துவிட்டு, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 15. ஒரு எண்ணிக்கைக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட், ஆக 45 முதல் 75 மில்லிவோல்ட் குறையும். வோல்டேஜை மட்டும் குறைத்தால் ரைசன் மிச்சமான இடத்தையும் பூஸ்டில் தின்றுவிடும். அதனால் பிபிடியை 65 வாட்டில் கட்டினோம். வாட்டுக்கு 0.55 என்ற பழைய எண்ணை வைத்தே கணக்குப் போட்டால் 65 வாட்டுக்கு 36 டிகிரி. ரூம் 38 என்றால் 74. பேஸ்ட் மாற்றிய பிறகு அதற்கும் கீழே 70-ல் நின்றது. ஃப்ரீக்வென்சி 4.35 பக்கம்.

4.7-லிருந்து 4.35. அவனுக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு மணி நேர ரன் ஒன்றுக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய மாடல்களில் சால்வர் மெமரிக்காகக் காத்திருக்கும் நேரமே அதிகம் என்பதால் அந்தப் பத்துகூட முழுசாக வராது.

மைனஸ் 15-ல் ஏன் நின்றோம், மைனஸ் 30 போகவில்லையா? போனோம். பிரைம்95 முழு லோடில் பாஸ். ஆனால் ராத்திரி சும்மா பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனது. கர்வ் ஆப்டிமைசரின் குணம் இது. முழு லோடில் எல்லாக் கோரும் மெதுவாக இருக்கும், பிரச்சினை தெரியாது. லோடு இல்லாதபோது ஒரு கோர் மட்டும் உச்சத்துக்குத் துள்ளும், அந்த இடத்தில்தான் வோல்டேஜ் போதாமல் போகும். அதனால் ஒவ்வொரு கோராக லோடு கொடுக்கும் கோர்சைக்ளரை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். இன்னொன்று, வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் சிப் கிராஷ் ஆகாமல் கிளாக்கை மட்டும் இழுத்து நீட்டிக்கொள்ளும். ஸ்கிரீனில் 4.4 காட்டும், உண்மையில் ஓடுவது குறைவாக இருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் வரியையும் சினிபெஞ்ச் ஸ்கோரையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் குறைந்து ஸ்கோரும் குறைந்தால் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு: பேரில் கே இல்லாத சிப்பில் மல்டிபிளையர் பூட்டியிருக்கும், விட்டுவிடுங்கள். ஆனால் பிஎல்1, பிஎல்2 பவர் வரம்புகளைக் குறைக்கலாம், பெரும்பாலான போர்டுகள் விடும். லேப்டாப்பில் ஓவர்க்ளாக் கேட்டு மெயில் போடாதீங்க ப்ளீஸ். பேஸ்ட் மாற்றுங்கள், பின்பக்கம் இரண்டு எரேசர் வைத்துத் தூக்கி வையுங்கள், போதும்.

எல்லாச் சோதனையையும் கத்திரியில் மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். வேறு மாசத்தில் செய்தால் ஒரு சின்னக் கணக்கு: சோதனையில் வந்த உச்ச வெப்பத்தோடு, 40-லிருந்து அன்றைய ரூம் வெப்பத்தைக் கழித்து வருவதைக் கூட்டுங்கள். நவம்பர் மழையில் ரூம் 27, சிப் 75 என்றால், 75 கூட்டல் 13, ஆக 88. நான் 85-ஐத் தாண்டினால் ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் செட்டிங் நவம்பருக்கு மட்டும் பாஸ்.

கேபினெட் மூடியின் உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டினோம்: தேதி, ரூம் 37, பிபிடி 65, மைனஸ் 15, சிப் 69. அடுத்த வருஷம் அதே ரூம் வெப்பத்தில் 69-க்குப் பதில் 76 வந்தால் தூசி அல்லது பேஸ்ட்.

அன்றைக்கு ராத்திரி பிரைம்95 ஐந்து மணி நேரம் எரர் இல்லாமல் ஓடியது. மறுநாள் மத்தியானம், ரூம் 38-ல் இருக்கும்போது, ரூம்மேட் தன்னுடைய முதல் மெஷ்ஷை எடுத்து மூன்று தடவை ஓட்டினான். மூன்றும் ஒரே விடை. கையால் போட்ட கணக்கோடும் ஒத்துவந்தது. முதல் மெஷ்ஷில் ஒரு தப்பும் இல்லை. பத்து நாளில் போட்ட மற்ற பதினோரு மெஷ்ஷும் இன்னும் அவன் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கின்றன, அழிக்க மனசு வரலையாம்.